வேலிகள், நாட்டு எல்லை முதல் வீட்டுக் கொல்லை வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வேலியைப் பார்த்ததும் அது யாரை வெளியே நிறுத்துகிறது என்றுதான் நமக்குக் கேட்கத் தோன்றும். அதற்கு முன்பே கேட்க வேண்டிய ஒன்று உண்டு: அந்த வழியாக இதுவரை யாரெல்லாம் போய்வந்தார்கள்? கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி ஏதோ ஒரு விதத்தில் வந்துகொண்டே இருக்கும்.

எதையெல்லாம் வேலி என்று எடுத்துக்கொள்கிறீர்கள்?

நிலத்தில் ஒரு கோடு போட்டு, உயிருள்ள ஒன்றை அந்தக் கோட்டில் தடுத்து நிறுத்தும் எதுவும் வேலிதான். கல்சுவர், முள்கம்பி, மூங்கில் தட்டி, செடிவேலி, முள்படல், மின்கம்பி எல்லாம் இதில் அடங்கும். கண்ணில் படாத வேலியும் உண்டு. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெரிய மாளிகைத் தோட்டங்களில் பள்ளம் வெட்டி, அதன் ஒரு பக்கத்தில் மட்டும் செங்குத்தாகச் சுவர் எழுப்பினார்கள். மாளிகை ஜன்னலிலிருந்து பார்த்தால் புல்வெளி தடையில்லாமல் அடிவானம் வரை ஓடும். மாடுகள் மட்டும் பள்ளத்தைத் தாண்டி வராது.

உலகத்தில் மொத்தம் எவ்வளவு நீளத்துக்கு வேலி இருக்கிறது?

சாலைகளுக்கு இருப்பது போன்ற உலக வரைபடம் வேலிகளுக்கு இல்லை. கம்பி மெல்லியது, செயற்கைக்கோள் படத்தில் எளிதில் தெரியாது. தனியார் போடுவதைப் பதிவு செய்யும் வழக்கமும் பெரும்பாலும் கிடையாது. நிலத்தை இந்த அளவுக்கு மாற்றும் ஒன்றை நாம் கணக்கெடுக்கவே இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

வேலி போடும் பழக்கம் எவ்வளவு பழையது?

பயிரைக் காக்கத்தான் முதல் வேலி வந்திருக்கும் என்று நினைப்போம். ஆனால் மேற்காசியாவின் பாலைநிலங்களில் கிடக்கும் நீண்ட கற்சுவர்கள் வேறு கதை சொல்கின்றன. 1920களில் அந்த வழியாகப் பறந்த பிரிட்டிஷ் விமானிகள் அவற்றை மேலிருந்து கண்டார்கள். வால் நீண்ட பட்டத்தின் வடிவில் இருந்ததால் 'பாலைவனப் பட்டங்கள்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவை வேட்டைக்காகக் கட்டியவை. இரண்டு சுவர்களும் தொலைவில் அகலமாகத் தொடங்கி மெல்ல மெல்ல நெருங்கி வரும். அவற்றை ஒட்டியே ஓடும் மான்கூட்டம் கடைசியில் அடைப்புக்குள் போய் மாட்டிக்கொள்ளும். இவற்றில் சில ஏறத்தாழ 9,000 ஆண்டுகள் பழையவை.

காரை பூசாமல், கல்லின் மேல் கல்லைப் பொருத்தி மட்டும் எழுப்பும் சுவர் இன்றும் பல நாடுகளில் உயிரோடு இருக்கிற கைத்தொழில். குரோஷியா, கிரேக்கம், இத்தாலி, ஸ்பெயின் உட்பட எட்டு ஐரோப்பிய நாடுகளின் இந்தக் கலையை 2018இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சுவரின் இடுக்குகளில் பல்லியும் பாம்பும் பாசியும் குடியிருக்கும். ஒரு கல் சரிந்தால் அதே கல்லை எடுத்து மறுபடி வைத்துவிடலாம்.

முள்கம்பியைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்? அது வெறும் கம்பிதானே?

முள்கம்பி வரும்வரை நிலம்தான் வேலியைத் தீர்மானித்தது. கல் கிடைக்கும் ஊரில் கல்வேலி, மரம் நிறைந்த ஊரில் மரவேலி. வட அமெரிக்காவின் நடுவே விரிந்த புல்வெளிகளில் இரண்டும் இல்லை. அங்கே குடியேறியவர்கள் முள்மரங்களை வரிசையாக நட்டுப் பார்த்தார்கள். அவை வளர்ந்து அடர்வதற்கு ஆண்டுகள் பிடித்தன. வெறும் கம்பி கட்டினால் மாடு சாய்ந்தே அறுத்துவிடும்.

இல்லினாய் மாநிலத்து விவசாயி ஜோசப் கிளிடன் 1874 நவம்பரில் காப்புரிமை பெற்ற வடிவம் இதற்கு விடையானது. இரண்டு கம்பிகளை முறுக்கி, அந்த முறுக்குக்குள் முள் நழுவாமல் பிடிபடும்படி செய்தார். முறுக்கிய கம்பி வெயிலில் தொய்ந்தாலும் குளிரில் சுருங்கினாலும் எளிதில் அறுவதில்லை. விலை மலிவு, எடை குறைவு, வண்டியில் ஏற்றி எங்கும் கொண்டுபோகலாம். சில ஆண்டுகளுக்குள் உற்பத்தி பன்மடங்கு பெருகியது.

அதோடு திறந்த மேய்ச்சல் முடிவுக்கு வந்தது. தண்ணீர்த் துறைகளையும் பொது வழிகளையும் சேர்த்து வளைத்துக் கம்பி கட்டியவர்கள் பலர். டெக்சாசில் 1883இல் நிலமில்லாத மாட்டுக்காரர்கள் இரவோடு இரவாகக் கம்பிகளை அறுத்தார்கள். துப்பாக்கிச் சூடும் உயிரிழப்பும் நடந்தன. மறு ஆண்டு மாநிலச் சட்டமன்றம் கூடி, வேலி அறுப்பதைக் கடுங்குற்றமாக்கியது. பொது வழியை அடைப்பவர் வாசல் வைக்க வேண்டும் என்ற விதியும் அப்போதே வந்தது. முந்தையதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பிந்தையதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அங்கேயே இன்னொரு துயரமும் நடந்தது. வடக்கிலிருந்து இறங்கி வரும் மாடுகளைத் தடுக்க டெக்சாசின் வடமுனையில் கிழக்கு மேற்காக நீண்ட வேலி கட்டியிருந்தார்கள். பனிப்புயல் அடித்தால் மாடு காற்றுக்கு முதுகு காட்டித் தெற்கே நடக்கும், பள்ளமோ மறைவோ தேடும். 1880களின் நடுவில் வந்த கொடிய குளிர்காலங்களில் அப்படி நடந்த மந்தைகள் வேலியில் முட்டி நின்று, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, உறைந்து செத்தன. தங்கள் மாட்டின் மேய்ச்சலைக் காக்கப் போட்ட வேலி அது.

மாட்டுக்கு வந்த கம்பி மனிதர்களுக்கும் வந்தது. தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போரில் பிரிட்டிஷ் படை காவல்கூண்டுகளை முள்கம்பியால் இணைத்து நாட்டையே கட்டம் கட்டமாகப் பிரித்தது. அதன்பின் முதல் உலகப் போரின் பதுங்குகுழிகள், அதற்கும் பின் வதைமுகாம்கள்.

பொதுநிலங்கள் வேலிக்குள் போனது எப்படி?

பல நாடுகளில் நடந்ததுதான். நன்றாகப் பதிவானது இங்கிலாந்தில். 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட தனிச் சட்டங்கள் வழியாக ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் பொதுநிலமும் திறந்த வயலும் தனியார் வேலிக்குள் போயின. ஒரு பசுவை மேய்க்கவும், விறகு பொறுக்கவும், அறுவடைக்குப் பின் கதிர் பொறுக்கவும் உரிமை இருந்த குடும்பங்களுக்கு அந்த உரிமையைக் காட்டப் பெரும்பாலும் தாளில் எதுவும் இல்லை. வேலி வந்தபோது இழப்பீடு பத்திரம் வைத்திருந்தவருக்குப் போனது. அடைத்த நிலத்தில் விளைச்சல் கூடியது என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு, அதில் உண்மையும் இருக்கிறது. விளைந்தது யார் களத்துக்குப் போனது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

இந்தியாவின் குறுக்கே ஒரு பெரிய செடிவேலி இருந்தது என்பது உண்மையா?

உண்மை. 19ஆம் நூற்றாண்டில் உப்புக்குப் போட்ட வரி மாகாணத்துக்கு மாகாணம் மாறியது. மலிவான உப்பு வரி கூடுதலான பகுதிக்குள் கடத்தப்படாமல் தடுக்க, வடமேற்கே சிந்து நதிப் பக்கமிருந்து கிழக்கே ஒடிசாப் பக்கம் வரை 3,000 கி.மீ.க்கும் மேல் நீண்ட சுங்கக்கோடு ஒன்றை பிரிட்டிஷ் ஆட்சி வைத்திருந்தது. அதன் பெரும் பகுதியில் கருவேலம், இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளி என்று அந்தந்த மண்ணுக்கு ஏற்ற முட்செடிகளை நட்டு வளர்த்தார்கள். செடி பிடிக்காத இடத்தில் காய்ந்த முள்ளைக் குவித்தார்கள், அல்லது கல்சுவர் எழுப்பினார்கள். காவலுக்குச் சுமார் 12,000 பேர். 1867க்குப் பின் சில ஆண்டுகள் இதன் தலைமை அதிகாரியாக இருந்து வேலியை அடர்த்தியாக்கியவர் ஏ. ஓ. ஹியூம். பின்னாளில், 1885இல், இந்திய தேசிய காங்கிரஸ் உருவாக முன்னின்றவரும் அவரே.

கடத்தல் நிற்கவில்லை. காவலாளிகள் லஞ்சம் வாங்கினார்கள், வேலியே பயிரை மேய்ந்தது. உப்புக்காக மனிதர்களைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். வரியைச் சமப்படுத்தி, உப்பு விளையும் இடங்களையே அரசு கைக்குள் கொண்டுவந்த பிறகு 1879இல் அந்தக் கோட்டைக் கைவிட்டார்கள். உழவும் சாலையும் வேலியைத் தின்றுவிட்டன. இவ்வளவு பெரிய ஒன்று ஒரு நூற்றாண்டுக்குள் மக்கள் நினைவிலிருந்து மறைந்ததை எண்ணினால் வியப்பாக இருக்கிறது.

நாட்டு எல்லையில் வேலி போட்டால் ஆட்கள் வருவது நிற்குமா?

வேலி தாமதப்படுத்தும். அதன் பின்னால் ஆள் நின்றால்தான் தடுக்கும். ஆள் இல்லாத இடத்தில் ஏணி, ரம்பம், சுரங்கம் ஏதாவது ஒன்று வழி செய்துவிடும். வேலி உறுதியாகச் செய்வது வழியை மாற்றுவதுதான். அமெரிக்கா 1994இல் சான் டியாகோ பக்கம் மெக்சிக்கோ எல்லையில் காவலையும் தடுப்பையும் பலப்படுத்தியது. அங்கே அப்போது நின்ற வேலி வியட்நாம் போர்க்காலத்து உபரிப் பொருள்: தற்காலிக விமானத் தளத்துக்குத் தரையில் விரித்த இரும்புத் தகடுகளை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். நகரத்தின் பக்கம் வழி அடைபட்டதும் ஆட்கள் கிழக்கே பாலைவனத்துக்குள் நடக்கத் தொடங்கினார்கள். அதன்பின் ஆயிரக்கணக்கானோர் வெயிலிலும் தாகத்திலும் இறந்திருக்கிறார்கள்.

பெர்லின் சுவர் 1961 ஆகஸ்ட் முதல் 1989 நவம்பர் வரை நின்றது. அது விழுந்தபோது உலகில் எல்லைச் சுவர்களின் காலம் முடிந்தது என்று பலர் நம்பினார்கள். நடந்தது நேர்மாறு. அப்போது பதினைந்தைச் சுற்றி இருந்த எல்லைச் சுவர்களும் வேலிகளும் இன்று எழுபதைத் தாண்டிவிட்டன. போலந்து 2022இல் பெலாரஸ் எல்லையில் ஐந்தரை மீட்டர் உயர இரும்புச் சுவர் எழுப்பியது. அதன் ஒரு பகுதி ஐரோப்பாவின் மிகப் பழமையான காடுகளில் ஒன்றான பியவோவியேசாவை ஊடறுத்துப் போகிறது.

எல்லை வேலியும் எல்லைக் கோடும் ஒன்றுதானா?

பல இடங்களில் இல்லை. இந்தியா–வங்கதேச எல்லை 4,096 கி.மீ. நீளம். எல்லைக் கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள் பாதுகாப்புக் கட்டுமானம் கூடாது என்று இரு நாடுகளும் 1975இல் ஒப்புக்கொண்டன. அதனால் இந்தியாவின் கம்பிவேலி பெரும்பாலும் இந்திய மண்ணுக்குள் தள்ளியே நிற்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் வயல்கள் உண்டு, சில இடங்களில் வீடுகளும் உண்டு. அங்கே இருப்பவர்களும் இந்தியக் குடிமக்கள்தான். தன் வயலுக்குப் போக அடையாள அட்டை காட்டி, வாசல் திறக்கும் நேரத்துக்குள் போய், மூடும் நேரத்துக்குள் திரும்ப வேண்டும். பிரசவ வலி அந்த நேரம் பார்த்து வருமா? எல்லை வேலிகளைப் பற்றிய விவாதங்களில் உயரம், நீளம், செலவு எல்லாம் வரும். வாசல் எத்தனை, எப்போது திறக்கும் என்பது அபூர்வமாகவே வரும்.

வேலியால் காட்டு விலங்குகளுக்கு என்ன ஆகிறது?

கம்பியில் சிக்கிச் சாவது கண்ணுக்குத் தெரியும் பகுதி. மான் தாவும்போது பின்னங்கால் மேலிரண்டு கம்பிகளுக்கு நடுவே போய், உடல் மறுபக்கம் விழ, கம்பிகள் முறுக்கிக்கொள்ளும். கால் அதில் பூட்டிக்கொள்ளும். தாய் தாண்டிவிட, குட்டி இந்தப் பக்கம் நின்றுவிடுவதும் உண்டு. தாழப் பறக்கும் பறவைகள் மேல்கம்பியில் மோதும்.

கண்ணுக்குத் தெரியாத பகுதி இன்னும் பெரியது. வட அமெரிக்காவின் பிராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கு மணிக்கு 80 கி.மீ.க்கும் மேல் ஓடும். ஆனால் அது திறந்த வெளியில் உருவான விலங்கு, தடையைத் தாவும் பழக்கம் அதற்கு இல்லை. கம்பியைக் கண்டால் குனிந்து அடியில் நுழையப் பார்க்கும். அடிக்கம்பி தாழ இருந்தால் முதுகுத் தோல் கிழியும், வலைக்கம்பியாக இருந்தால் வேலியோரமாகவே மேலும் கீழும் நடந்து களைக்கும். அதனால்தான் அங்கே பண்ணையாளர்களுக்குச் சொல்லும் அறிவுரை இப்படி இருக்கிறது: அடிக்கம்பியில் முள் வேண்டாம், தரையிலிருந்து 40 முதல் 45 செ.மீ. உயர்த்துங்கள், மேல்கம்பி ஒரு மீட்டரை ஒட்டி இருக்கட்டும், மேலிரண்டு கம்பிகளுக்கு நடுவே 30 செ.மீ. இடைவெளி விடுங்கள். மாடு வெளியே போகாது. மான் மேலே தாவும், பிராங்ஹார்ன் கீழே நுழையும்.

ஒரு வேலி ஒரு நிலத்தின் முகத்தையே மாற்ற முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் டிங்கோ வேலி சான்று. டிங்கோ எனும் காட்டுநாயிடமிருந்து ஆடுகளைக் காக்க ஏறத்தாழ 5,600 கி.மீ. நீளத்துக்குக் கட்டியது. நாய் இல்லாத பக்கத்தில் கங்காரு பெருகியது. கங்காரு பெருகியதும் புல் குறைந்தது. நாய் இருக்கும் பக்கம் நரியும் பூனையும் அடங்கியிருப்பதால் சிறு பாலூட்டிகள் பிழைக்கின்றன என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். செடிகொடிகளின் வேறுபாடு செயற்கைக்கோள் படத்திலேயே தெரிகிறது.

அதே நாட்டில் முயலைத் தடுக்க 1901இல் தொடங்கி 1907இல் முடித்த வேலியும் உண்டு. முதல் வேலி மட்டும் 1,833 கி.மீ. வேலை முடியும் முன்பே முயல் மறுபக்கம் போய்விட்டது.

அப்படியானால் வேலி இயற்கைக்கு எதிரிதானா?

அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ஸீலாண்டியா என்ற 225 ஹெக்டேர் காப்பிடத்தைச் சுற்றி 1999இல் 8.6 கி.மீ. வேலி எழுந்தது. எலி நுழைய முடியாத சிறுகண் வலை, பூனை ஏற முடியாதபடி மேலே வளைந்த மூடி, குழி பறிக்க முடியாதபடி மண்ணுக்குள் படுத்த வலைப்பாவாடை. மனிதர் கொண்டுவந்த ஊனுண்ணிகளால் அந்த மண்ணின் பறவைகள் அழிந்துகொண்டிருந்தன. வேலிக்குள் பெருகிய, 'காக்கா' என்ற பெயர் கொண்ட அந்த நாட்டுக் கிளிகள் இன்று நகரத்தின் மரங்களிலும் பறக்கின்றன. இறக்கை உள்ளவற்றுக்கு அந்த வேலி தடையே இல்லை. யாரை நிறுத்த வேண்டும், யாரை விட வேண்டும் என்று தெரிந்து கட்டியதன் பலன் இது.

மின்வேலி ஆளைக் கொல்லுமா?

முறையான மின்வேலி கொல்லக் கூடாது. அதில் மின்சாரம் தொடர்ந்து ஓடாது. மின்துடிப்புக் கருவி ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை சில ஆயிரம் வோல்ட் துடிப்பை, நொடியில் மிக மிகச் சிறு பங்கு நேரத்துக்கு மட்டும் அனுப்பும். விலங்கு தொட்டதும் அதன் உடல் வழியாக மண்ணுக்குப் போய்ச் சுற்று முழுமையாகும். சுளீரென்று வலிக்கும், விலங்கு விலகும், மறக்காது. இந்தக் கருவிகளுக்கு ஐஈசி 60335-2-76 என்ற பன்னாட்டுப் பாதுகாப்புத் தரம் இருக்கிறது.

வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது முற்றிலும் வேறு. அது கொலைப்பொறி. தொட்டவர் விடுபட முடியாது. பன்றிக்கு வைத்ததில் யானையும் சாகிறது, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து வயல்காரரும் சாகிறார். எவ்வளவு பயிர் போனாலும் இதைச் செய்யாதீர்கள். செய்கிறவரைக் கண்டால் சும்மா இருக்காதீர்கள்.

யானைக்கு எந்த வேலி நிற்கும்?

நிரந்தரமாக எதுவும் நிற்காது. தந்தத்தில் மின்சாரம் எளிதில் பாயாது என்பதை யானைகள் கண்டுகொண்டு தந்தத்தாலேயே கம்பியை அறுக்கின்றன. மரத்தைச் சாய்த்துக் கம்பியின் மேல் போடுகின்றன. கென்யாவில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய தேனீ வேலி மனதுக்கு நிறைவான ஒரு வழி. பத்து மீட்டருக்கு ஒரு தேன்கூட்டைத் தொங்கவிட்டு எல்லாவற்றையும் ஒரே கம்பியால் இணைக்கிறார்கள். யானை கம்பியைத் தள்ளினால் கூடுகள் ஆடித் தேனீ கிளம்பும். தும்பிக்கைக்குள்ளும் கண்ணோரத்திலும் கொட்டு வாங்குவதை யானை அஞ்சுகிறது. கென்ய வயல்களில் யானை நுழைவது 80 சதவீதம் வரை குறைந்திருக்கிறது. தேனும் கிடைக்கிறது. வறட்சியில் தேனீ கூட்டை விட்டுப் போய்விட்டால் வேலியும் போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு உயிர்வேலி நல்லதா, கம்பிவேலியா, சுவரா?

அவசரமாக நாய், ஆடு தடுக்க வேண்டுமானால் கம்பி. பொறுக்க முடியுமானால் உயிர்வேலி. மூன்று நான்கு ஆண்டுகள் பார்த்துக்கொண்டால் பிறகு அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். வெட்டிவிடும் வேலை மட்டும் உண்டு. கம்பு நட்டாலே துளிர்க்கும் கிளுவை, முள்முருங்கை, கிளைரிசிடியா போன்றவற்றில் வேலிக்காலும் தழையுரமும் ஒன்றாகக் கிடைக்கும். பறவைக்கும் ஓணானுக்கும் அது வீடு. முதல் இரண்டு மழைக்காலம் வரை தற்காலிகமாக முள் அடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் துளிரை ஆடு தின்றுவிடும்.

காற்றைத் தடுக்கத்தான் வேலி என்றால் சுவர் தவறான தேர்வு. முழுதாக மூடிய சுவரில் மோதும் காற்று மேலேறி, மறுபக்கம் சுழன்று விழும். செடிகளை அங்கேதான் அதிகம் உலுக்கும். பாதிக்குப் பாதி இடைவெளியுள்ள வேலியோ செடிவரிசையோ காற்றை வடிகட்டி அனுப்பும். அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தொலைவு வரை வேகம் தணிந்திருக்கும்.

வேலி போடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் அளவை. பழைய வேலி நிற்கும் இடம்தான் எல்லை என்று நம்ப வேண்டாம். அளந்து, கல் பார்த்து, பக்கத்து வீட்டாரை உடன் நிறுத்திக் குறியுங்கள். அந்த ஒரு நாள் பொறுமை பல ஆண்டு வழக்கைத் தடுக்கும்.

மூலைக்காலை ஆழமாக நட்டு முட்டுக் கொடுங்கள். கம்பியின் இழுவிசை முழுவதையும் தாங்குவது அதுதான். மூலை சாய்ந்தால் நடுவில் எத்தனை கால் நட்டும் பயனில்லை. மரக்கால் மண்ணும் காற்றும் சந்திக்கும் இடத்தில்தான் முதலில் உளுத்துப்போகும், அங்கே தண்ணீர் தேங்க விடாதீர்கள். மழைநீர் ஓடும் பாதையை அடைத்துச் சுவர் கட்டாதீர்கள். அடைத்தால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும், அல்லது சுவரைத் தள்ளும்.

பிறகு ஒரு பொந்து விடுங்கள். பிரிட்டனில் முள்ளெலிகள் குறைந்துவருவதைக் கண்டு, வேலிக்கு வேலி 13 செ.மீ. சதுரத்தில் துளை விடும்படி வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு முள்ளெலி ஒரே இரவில் பல தோட்டங்களைச் சுற்றி இரை தேடும். ஒரு தெருவே துளை விட்டால் அத்தனை கொல்லைகளும் அதற்கு ஒரே மேய்ச்சல் நிலம். உங்கள் இடத்தில் அது தவளையாகவோ ஓணானாகவோ கீரியாகவோ இருக்கலாம். பெரும்பாலான நாய்கள் அந்தத் துளையில் நுழைய முடியாது.

பக்கத்து வீட்டுக்காரர் வேண்டுமென்றே உயர்த்திக் கட்டுகிறார். என்ன செய்வது?

இது புதிதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 1870களில் ரயில்வே செல்வந்தர் சார்லஸ் குரோக்கர், தன் மனைக்கு நடுவே இருந்த சிறு வீட்டை விற்க மறுத்தவரின் மேல் கோபப்பட்டு, அந்த வீட்டின் மூன்று பக்கமும் 12 மீட்டர் உயரத்துக்கு மரவேலி எழுப்பி வெளிச்சத்தையும் காற்றையும் அடைத்தார். பகைக்காகக் கட்டும் வேலியைத் தடுக்கப் பல இடங்களில் சட்டம் வந்துவிட்டது. உள்ளாட்சி விதியில் உயர வரம்பு என்ன என்று முதலில் பாருங்கள். அதை எழுத்தில் காட்டிப் பேசுங்கள். பேச்சு முறிந்தால் புகார் கொடுங்கள். பதிலுக்கு நீங்களும் உயர்த்துவது மட்டும் வேண்டாம்.

பயன் முடிந்த பழைய வேலியை அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. யாரும் பராமரிக்காத தொய்ந்த கம்பிதான் விலங்குகளுக்கு மிக ஆபத்தானது. நிமிர்ந்த கம்பி கண்ணில் படும், புல்லில் கிடப்பது படாது.

எடுப்பதில் தாமதமும் வேண்டாம். பனிப்போர்க் காலத்தில் செக்கோஸ்லோவாக்கியா மேற்கு ஜெர்மனி எல்லையில் மின்கம்பி வேலி நின்றது. அது போய் இருபது ஆண்டுக்கு மேலான பிறகும் அங்குள்ள சிவப்பு மான்கள் பழைய கோட்டை நெருங்கினால் திரும்பிவிடுவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த மான்களில் எதுவும் வேலியைப் பார்த்ததில்லை. தாயின் பின்னால் நடந்து கற்றுக்கொண்டவை. இதற்கு மாறாக, போட்ஸ்வானாவில் கால்நடை நோய்த் தடுப்புக்காக 1968இல் போட்ட வேலி ஒன்று வரிக்குதிரைகளின் நெடும்பயணத்தை மறித்து நின்றது. 2004இல் அதை அகற்றினார்கள். சில ஆண்டுகளிலேயே வரிக்குதிரைகள் ஒகவாங்கோவிலிருந்து மக்கடிக்கடி உப்புச் சமவெளிக்குப் போகத் தொடங்கிவிட்டன. போகவர 500 கி.மீ.க்கும் மேல். பழைய வழியை அறிந்த ஒரு வரிக்குதிரைகூட அப்போது உயிரோடு இருந்திருக்காது.

நீங்களே கழற்றுவதானால்: தடித்த கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். விறைப்பாக இருக்கும் கம்பியை நடுவில் வெட்டாதீர்கள், சுருண்டு முகத்தில் அடிக்கும். மூலையில் முதலில் தளர்த்துங்கள். கழற்றியதைச் சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஆணிகளையும் கம்பித் துண்டுகளையும் ஒன்று விடாமல் பொறுக்குங்கள். புல்லோடு சேர்த்து மாடு விழுங்கினால் அவை இரைப்பையைத் துளைத்து இதயம் வரை போகும்.